கிளிச்சட்டைத் தியாகி

எங்கள் ஊர்த் தியாகிகளில் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர் அகாபிட்டோ சென்டெனோ ஒருவர்தான். காலையில் சிவப்பு அவரைக்கொட்டை போட்டு வறுத்த சோறு, மத்தியானம் அதே சோறு முட்டையோடு, ராத்திரி முட்டை இல்லாமல் அதே சோறு. பேருந்து நிலையத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடை இருக்கும் தெருவுக்குத் தியாகி அகாபிட்டோ சென்டெனோ தெரு என்று நகராட்சி பெயர் வைத்திருக்கிறது. பலகையில் 'தியாகி' என்ற சொல்லின் மேல் யாரோ கரி பூசுவதும், நகராட்சி அதைத் துடைப்பதும் பல வருஷமாக நடக்கிறது. கரி பூசுவது அகாபிட்டோதான் என்று ஊருக்குத் தெரியும். ஆனால் தியாகியைக் கையும் களவுமாகப் பிடிக்க எந்தப் போலீஸ்காரருக்கும் மனசு வரவில்லை.

நிகராகுவாவில் தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞர் மேல்தான் விழவேண்டும். எங்கள் ஊரில் பேருந்து ஓட்டுகிறவரும் கவிஞரே, பல் பிடுங்குகிறவரும் கவிஞரே. தெருவில் "கவிஞரே" என்று கூப்பிட்டால் ஏழெட்டுத் தலை திரும்பும். அதனால் நிஜமாகவே கவிதை எழுதிய ஒரே மனிதரான பௌஸ்தினோ ஒபாந்தோவை வேறு வழியில்லாமல் "பெரிய கவிஞரே" என்று அழைக்கிறோம். அந்த அடைமொழியை அவர் விமர்சகர்கள் கொடுத்தது போல வாங்கிக்கொள்கிறார்.

பெரிய கவிஞர் நிறைய எழுதியிருக்கிறார். ஊர் ஞாபகம் வைத்திருப்பது ஒன்றைத்தான். அப்போதைய சர்வாதிகாரியின் காவல்படை ஒரு செப்டம்பரில் எங்கள் முச்சந்தியில் ஆட்களைச் சுட்டுத் தள்ளியதே, அதைப் பற்றிய நீண்ட பாட்டு. சுட்ட வாரமே எழுதினார், செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு செய்யுளாக. பள்ளிக்கூடப் பெண்கள் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடையில் அதைக் கையை ஆட்டி ஆட்டி ஒப்பிக்கிறார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் பாட்டில் ஓரிரண்டு செய்யுள்கள் வெளியே போகும், ஓரிரண்டு உள்ளே வரும். நிலச்சுவான்தார்களைத் திட்டிய செய்யுள் ஒரு ஆட்சியில் உரக்க ஒலித்தது, அடுத்த ஆட்சியில் நேரம் போதவில்லை என்று விடப்பட்டது, அதற்கடுத்ததில் நேரம் மறுபடி கிடைத்துவிட்டது. அகாபிட்டோவின் செய்யுளை மட்டும் யாரும் தொடவில்லை. அதில் கிளிகள் இருந்தன. கிளிகளுக்குக் கட்சி இல்லை.

'அகாபிட்டோவின் மார்பிலிருந்து பறந்தன கிளிகள்,
தாய் அறிந்தாள், அதனால் தாய்நாடும் அறிந்தது.'

விஷயம் இதுதான். முச்சந்தியில் கிடந்த உடல்களில் ஒன்றுக்கு முகம் முகமாக இல்லை. உடம்பெல்லாம் பச்சைக் கிளி அச்சடித்த சட்டை மட்டும் பளிச்சென்று இருந்தது. ஹோண்டுராஸ் எல்லையிலிருந்து கடத்தி வந்த துணி. ஊரில் அப்படி ஒரு சட்டை அகாபிட்டோவிடம்தான் உண்டு. அவன் அம்மா எடுவிஹெஸ் வந்து பார்த்து, "என் பிள்ளைதான்" என்றாள். தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தாள். பாட்டு அதைப் பாடியது. மனாகுவாவிலிருந்து ஒரு பேராசிரியர், அந்தக் கிளிகள் மத்திய அமெரிக்காவின் ஐந்து நாடுகளைக் குறிக்கின்றன என்று கட்டுரை எழுதினார். எடுவிஹெஸ் அம்மாள், சட்டையில் எட்டுக் கிளி, மூன்று முதுகில் இருந்தன என்று சொல்லியனுப்பினாள். முதுகில் இருப்பவை கடந்த காலம் என்று பதில் வந்தது.

பதினோரு வருஷம் கழித்து, தியாகிகள் நினைவு நாளன்று, செத்தவர் கோஸ்டா ரிக்காவிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்கும். மேடையிலிருந்து செத்தவர் பெயரைக் கூப்பிடுவார்கள், கூட்டம் மொத்தமும் அவருக்குப் பதிலாக "இருக்கிறேன்" என்று கத்தும். நிலையத்தில் இறங்கிய மனிதர் பெட்டியோடு சதுக்கத்தைக் கடக்கிறார், ஒலிபெருக்கி தன் பெயரைச் சொல்கிறது, கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூட வருகைப் பதிவில் எழுந்து நிற்கிற பழக்கத்தில் தன் பாட்டுக்கு, "இருக்கேன், இருக்கேன், என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டார்.

முன்வரிசையில் தியாகியின் தாய்க்கான நாற்காலியில், மடியில் மகன் படத்தோடு எடுவிஹெஸ் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். "வாயை மூடிக்கிட்டு ஓரமா நில்லுடா. இன்னும் பேரு முடியல" என்றாள்.

அதிர்ச்சியில் அப்படிப் பேசினாள் என்றார்கள். அதிர்ச்சியோ என்னவோ, நினைவு நாள் முடியும்வரை படத்தைக் கீழே வைக்கவில்லை.

பிறகு ஊர் கேட்டது, எங்கே போயிருந்தாய் என்று. அகாபிட்டோ மலையில் போராளிகளோடு இருந்ததாகவும், குண்டடி பட்டு நினைவு தப்பியதாகவும், எல்லை தாண்டித் தூக்கிச் சென்றார்கள் என்றும் சொன்னார். சட்டை என்ன ஆனது என்ற கேள்விக்கு, "போர்ல எத்தனையோ போகுது" என்று ஆகாயத்தைப் பார்த்தார். காயத்தைக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை, நாகரிகமான ஊர். உயிரோடு வந்த தியாகிக்கு வைத்தியம் இல்லாததால் பாட்டு பாட்டாகவே தொடர்ந்தது, அவர் பஞ்சர் கடை போட்டார். வருஷம் ஒருமுறை அவர் செத்ததைக் கேட்டு ஊர் கண் கலங்கும். மறுநாள் காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரிடமே வரும். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எடுவிஹெஸ் அம்மாள் மட்டும் மகன் கல்லறைக்குப் பூ எடுத்துப் போவதை நிறுத்தவில்லை. பழகிவிட்டது என்பாள்.

இப்படியே போயிருக்கும். புதிதாக வந்த மேயரம்மா, பாட்டைச் சதுக்கத்தில் கருங்கல்லில் வெட்டி வைப்பது என்று முடிவு செய்தார். காகிதம் எத்தனை செய்யுளையும் தாங்கும், கல்லுக்கு ஒரு முடிவு வேண்டும். இறுதி வடிவம் கொடுங்கள் என்று பெரிய கவிஞரிடம் கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளிச் செய்யுளை அடித்துவிட்டார்.

செய்தியைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுவந்தவர் பேருந்து ஓட்டுநர். "கவிஞரே, உங்களைச் சாகடிச்சவரே இப்பப் பிழைக்க வெச்சுட்டாராமே. பிரசவம் சுகமா?" என்றார்.

அகாபிட்டோ சிரிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பலகையில் கரி பூசுகிறவர் அல்லவா. அவர் சிரிக்கவில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கையைத் துடைத்துவிட்டு நேரே பெரிய கவிஞர் வீட்டுக்கு நடந்தார்.

பெரிய கவிஞர் ஆடும் நாற்காலியில் இருந்தார். இந்த மனிதன் நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து உட்காரச் சொன்னார். அகாபிட்டோ உட்காரவில்லை. என் செய்யுளை எடுக்க வேண்டாம் என்றார்.

பெரிய கவிஞருக்கு இது புதிது. உயிரோடு நடமாடுகிறவன் பெயரைக் கல்லில் வெட்டினால் வெளியூர்க்காரன் வயிறு வலிக்கச் சிரிப்பான், தேசத்தின் நினைவு என்றால் விளையாட்டா என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"அப்ப நான் செத்துப்போனா வெட்டுவீங்களா?"

"செப்டம்பருக்குள்ள செத்தா யோசிக்கலாம். கல்தச்சன் அவசரப்படுத்துறான்."

"பெரிய கவிஞரே, நான் சாகல. அது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தன் செத்தானில்ல? அந்தச் சட்டைக்குள்ள சும்மா காத்தா இருந்துச்சு?"

நாற்காலி ஆடுவது நின்றது. இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது நல்லது. கிளிகளை எண்ணினோம், நாடுகளை எண்ணினோம். அகாபிட்டோ திரும்பி வந்த அன்றே புதைகுழியில் இருப்பது யார் என்று கேட்டிருக்க வேண்டும். அன்று ஊருக்கு நினைவு நாள் வாண வேடிக்கை பார்க்கிற அவசரம்.

அகாபிட்டோ சொன்னார். மலையும் இல்லை, போராளிகளும் இல்லை. அந்தக் காலையில் அவர் இருந்தது சேவல் சண்டைக் களத்தில். கிழக்குக் கடலோரத்திலிருந்து ஒருவன் சேவலோடு வந்திருந்தான். அகாபிட்டோ போலவே நல்ல கறுப்பு, நம் மொழியைப் பல்லில் கல் மாட்டியது போலப் பேசுவான். பெயர் ஹாலிஸ். அகாபிட்டோவின் சட்டை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பந்தயம் கட்டினார்கள். அவன் சேவல் ஜெயித்தது. அகாபிட்டோ களத்திலேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். வெற்று மேலோடு வீட்டுக்குப் போனால் அம்மா வெட்டுக்கத்தியை எடுப்பாள் என்ற பயத்தில், கோஸ்டா ரிக்கா வாழைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன லாரியில் ஏறிக்கொண்டார். ஹாலிஸ் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சேவலை அணைத்தபடி, ஊர் பார்க்கிற ஆசையில் முச்சந்திப் பக்கம் நடந்தான். அவ்வளவுதான்.

"அங்க போய் இறங்கின கொஞ்ச நாள்லயே நான் செத்த சேதி வந்துடுச்சு. கிளிச்சட்டைன்னு சொன்னாங்க. அப்பவே எனக்குத் தெரியும், அது யாருன்னு. செத்தவனை யாரும் பட்டாளத்துக்குப் பிடிக்க மாட்டாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். திரும்பி வந்தப்புறம் சொல்லணும்னா சேவலைச் சொல்லணும், லாரியைச் சொல்லணும். மலைக்கதைய எடுத்து விட்டுட்டேன். என்னவோ, பாட்டுல என் பேருக்கு அடியில அவன் படுத்துக்கிட்டு இருக்கான், போகட்டும்னு இருந்தேன். இப்ப அதையும் அடிச்சுட்டீங்கன்னா அவன் செத்ததே இல்லன்னு ஆயிடும். என் பேரை எடுங்க. அவன் பேரை வைங்க."

பெரிய கவிஞரின் முதல் வருத்தம், நியாயமாகவே, பாட்டைப் பற்றியது. 'தாய் அறிந்தாள்' என்ற வரி என்ன ஆவது? ஒரு தாய் தன் பிள்ளையைத் தப்பாக அடையாளம் சொன்னாள் என்று தெரிந்தால் அந்தச் செய்யுள் மட்டுமா சாயும்? இரண்டாவது வருத்தம் பெயரைப் பற்றியது.

"ஹாலிஸா? அமெரிக்காக்கார யாங்கிப் பேரா இருக்கேப்பா. பாட்டு பூரா யாங்கியைத் திட்டியிருக்கேன். நடுவுல அவன் பேரையே கொண்டாந்து தியாகின்னு நிறுத்தினா என்ன அர்த்தம்?"

இங்கிலீஷ் பேசுகிற கடலோரத்து ஆள்களுக்கெல்லாம் அப்படித்தான் பெயர் என்று அகாபிட்டோ சொல்லிப் பார்த்தார். பெரிய கவிஞர் கடலோரத்துக்குப் போனதில்லை. அவர் பாட்டில் எரிமலைகள் வருகின்றன, ஏரி வருகிறது, சோளக்கொல்லை வருகிறது. நாட்டின் கிழக்குப் பாதி வரவேயில்லை, அதற்கு இன்றுவரை சரியான சாலையும் இல்லை. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். செத்தது அகாபிட்டோதான் என்று சாட்சி சொன்னது எடுவிஹெஸ். அவள் வந்து இல்லை என்று சொல்லட்டும். சொல்லிவிட்டுத் தியாகியின் தாய்க்கான நாற்காலியை விட்டு எழுந்திருக்கட்டும். பிறகு பார்க்கலாம்.

அகாபிட்டோவுக்கு எதற்கும் பயம் இல்லை, அம்மாவைத் தவிர. ஊரெல்லாம் தன்னைப் பொய்யன் என்று சொல்வதுகூடப் பரவாயில்லை. எண்பதைத் தொட்ட அம்மாவிடம் போய், நீ இத்தனை வருஷமாகப் பூ வைத்தது யாரோ ஒருவனுக்கு, உனக்கு ஆளே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

எடுவிஹெஸ் அம்மாள் கொல்லையில் வாழையிலையில் சோளமாவை வைத்து மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அது, ஞாயிற்றுக்கிழமைக்கு அவித்து விற்பாள். அகாபிட்டோ நூலை எடுத்துக் கொடுப்பது போலப் பக்கத்தில் உட்கார்ந்து, அதையும் இதையும் பேசி, ஒருவழியாகச் சேவல் களம்வரை வந்து சேர்ந்தார். அம்மாள் கட்டுவதை நிறுத்தவில்லை.

"இடது கால்ல உனக்குச் சுண்டுவிரல் இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. சின்ன வயதில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறியது.

"அவனுக்குப் பத்து விரலும் இருந்துச்சு. குளிப்பாட்டினவ நான்தானே. எனக்கு எண்ணத் தெரியாதா?"

அகாபிட்டோ கையில் நூல் அப்படியே நின்றது.

"தெரிஞ்சுமா என் பிள்ளைன்னு சொன்னே?"

"உடம்பைச் சொந்தக்காரங்களுக்குத்தான் குடுப்பேன்னான் காவல்படைக்காரன். கேக்க ஆளில்லாததை மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினான். கழுகு வேற சுத்துது. எவ பெத்த பிள்ளையோ. சட்டை நம்ம சட்டை, நான் வாங்கினது. அதைப் பிடிச்சுக்கிட்டு என் பிள்ளைன்னேன். குடுத்துட்டான்." இலையை ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டாள். "நீ செத்துட்டேன்னு ஆனதும் பட்டாளத்துக்குப் பிடிக்க உன்னைத் தேடி வர்றதையும் விட்டுட்டான். அதுவும் நல்லதுக்குத்தானே."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே, அம்மா."

"யாருகிட்ட? உன் கவிஞன் ஒரே வாரத்துல பாட்டுக் கட்டிட்டான். அழுதுக்கிட்டே வந்து படிச்சுக் காட்டினான் பாவம். ஆளு மாறிப்போச்சுப்பான்னு அந்த மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியுமா?"

அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான், அவன் பெயர். அகாபிட்டோ சொன்னார். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், வாயில் ஒட்டுகிறதா என்று. "இத்தனை வருஷமா அவன்கிட்டப் போய் உன் பேரைச் சொல்லிப் பேசிக்கிட்டிருந்தேன். என்ன நினைச்சிருப்பான்" என்றாள். அதற்குப் பிறகுதான் அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே போகும்போது போடுகிற முக்காட்டை எடுத்தாள்.

இருவரும் பெரிய கவிஞர் வீட்டுக்குப் போனபோது கல்தச்சரும் அங்கே இருந்தார், எத்தனை வரி என்று கேட்டு வந்தவர். அதனால்தான் மீதிக் கதை ஊருக்குத் தெரியும். பெரிய கவிஞர் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் கல்தச்சரின் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் பெரிய கவிஞர் முகத்தை மூடிக்கொண்டார். 'தாய் அறிந்தாள்' பொய்யாகிவிட்டதே என்றார். தன் வாழ்க்கையில் நன்றாக வந்த வரி அது ஒன்றுதான் என்றார். கல்தச்சர் மரியாதைக்காகக்கூட மறுத்துப் பேசவில்லை.

"எவன் சொன்னான் பொய்னு?" என்றாள் எடுவிஹெஸ் அம்மாள். "அறிஞ்சேன்தான். என் பிள்ளை இல்லன்னு அறிஞ்சேன். அறிஞ்சுதான் தூக்கிட்டுப் போனேன். நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க, உங்களுக்குத்தான் தெரியல."

பெரிய கவிஞர் கையை முகத்திலிருந்து எடுத்தார். அவர் உடனே மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். யாங்கிப் பெயர் என்று மறுபடி ஆரம்பித்தார்.

"பேரு வெச்சது பாதிரி. சுட்டது நம்ம காவல்படை, நம்ம ஊருப் பையனுங்க, ரெண்டு பேரை எனக்கு ஞானஸ்நானத்துலேர்ந்து தெரியும். இதுல யாரை யாங்கிங்கறீங்க?"

"இல்ல, எடுவிஹெஸ், ஓசைன்னு ஒண்ணு இருக்கு. அகாபிட்டோன்னா நாலு அசை, இழுத்துப் பாடலாம். இது டக்குனு முடிஞ்சுடுது."

"அவனும்தான் டக்குனு முடிஞ்சுட்டான். எழுதுங்க."

எழுதினார். நாற்காலியை விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னதை மட்டும் கேட்காதவர் போல இருந்துவிட்டார். கிளிகளை எடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார், எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கல்தச்சர் தன் பங்குக்கு, குறைந்த எழுத்து, வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

செப்டம்பரில் கல் நின்றது. அதற்குள் சேவல் கதை ஊரெல்லாம் பரவி, அகாபிட்டோவின் மலை, குண்டு, நினைவு தப்பியது எல்லாம் ஒரே வாரத்தில் காலி. அவர் எதிர்பார்த்ததுதான். பேருந்து ஓட்டுநர் தினமும் காலையில் கடை வாசலில் ஹாரன் அடித்துச் சேவல் மாதிரி கூவிவிட்டுப் போனார். அகாபிட்டோ கையை உயர்த்திக் காட்டுவார், ஒரு விரலை மட்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு.

அவர் எதிர்பார்க்காதது அதற்கப்புறம் நடந்தது. கல்லில் பெயர் ஏறியதும் ஊருக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. முதலில் மருந்துக்கடைக்காரருக்கு வந்தது. ஹாலிஸ் அன்று காலை தன் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினானாம், முகம் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறதாம். பிறகு தையற்காரி ஒருத்தி, அவன் தன் அக்காவைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தான் என்றாள். அக்கா அதை மறுக்கவில்லை, அந்த வாரமே தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். அவன் உயரம் என்றார்கள், குட்டை என்றார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அவன் தங்கள் ஆள்தான் என்று பூ வைத்தார்கள். மனாகுவா பேராசிரியர், கடலோரத்தையும் இணைத்துக்கொண்ட முதல் தேசியச் செய்யுள் இது என்று இன்னொரு கட்டுரை எழுதினார். பெரிய கவிஞர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

போன மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். காத்திருந்த நேரத்தில் ஹாலிஸைப் பற்றி விரிவாகச் சொன்னார். கிட்டார் வாசிப்பானாம். முச்சந்திக்குப் போகுமுன் இந்தத் தெருவில் உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்தானாம், தெருவே அழுததாம்.

அவன் கையில் கிட்டார் எதுவும் இல்லையே என்று அகாபிட்டோ மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கென்ன தெரியும், கவிஞரே? நீங்கதான் அன்னிக்கு ஊர்லயே இல்லையே" என்றார்.

அகாபிட்டோ டியூபைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓட்டையைத் தேடினார். "அதுவும் சரிதான்" என்றார். "என்ன பாட்டு வாசிச்சான், சொல்லுங்க, கேப்போம்."